தொட்டி நிரம்பிய நாள்

ஒரு வீட்டில் கிரைண்டரும் தண்ணீர் மோட்டாரும் பேசிக்கொள்ளாமல் வருஷக்கணக்கானது. மோட்டார் ஓடினால் கிரைண்டர் முனகி நின்றுவிடும். கிரைண்டர் சுற்றினால் மோட்டாருக்கு மூச்சு வாங்கும். அந்த ஊருக்கு வந்த கரண்ட்டே அவ்வளவுதான்.

பஞ்சாயத்து செய்வது சுவரில் மாட்டியிருந்த ஸ்டெபிலைசர். "வோல்டேஜ் முள்ளு நூத்தைம்பதுல நிக்குது. மோட்டாரே, நிறுத்து! நான் மட்டும் இல்லேன்னா இந்த வீடு என்னத்துக்கு ஆகும்?" என்று தினமும் அலட்டிக்கொள்ளும்.

ஒருநாள் மலைக்கு அந்தப் பக்கமிருந்து புது டவர் லைன் இழுத்து வந்தார்கள். சப்ஸ்டேஷனில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வந்து உட்கார்ந்தது. மறுநாள் காலை, மோட்டார் ஓடும்போதே வீட்டுக்காரி மறந்துபோய் கிரைண்டரையும் போட்டுவிட்டாள்.

"ஐயோ, ஒண்ணை நிறுத்துங்க!" என்று ஸ்டெபிலைசர் அலறியது. பிறகுதான் முள்ளைப் பார்த்தது. இருநூற்று முப்பது. ஆடவே இல்லை.

"அண்ணே, நான் ஓடுறதால உனக்குக் கரண்ட் குறையுதா?" என்று மோட்டார் தயங்கிக் கேட்டது.

"இல்லடா தம்பி, நீ ஓடு!" என்றது கிரைண்டர்.

உளுந்து பந்து பந்தாகப் பொங்கியது. வெகுநேரம் கழித்து மோட்டார் நின்றது. ஸ்டெபிலைசர் சொல்லி அல்ல. தொட்டி நிரம்பி, மாடியிலிருந்து தண்ணீர் கொட்டியதால்.