வெறும் பனியில் தெரிந்த ஆறு பேர்

ஓர் ஆய்வுக்கூடத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்றும் கணினி ஒன்றும் சேர்ந்து வேலை பார்த்தன. டி.என்.ஏ. இழையின் நுனி சிதையாமல் காக்கும் ஆறு புரதங்கள் எப்படிக் கூடி நிற்கின்றன என்று கண்டறிவதுதான் வேலை. சிறு தட்டுகளில், பனியில் உறையவைத்த புரதங்களை நுண்ணோக்கி மங்கலாகப் படமெடுக்கும். லட்சக்கணக்கான படங்களை அடுக்கிச் சேர்த்து, கணினி உருவத்தைத் துலக்கும்.

ஒருநாள் கணினி பளிச்சென்று ஒரு படத்தைக் காட்டியது. ஆறு புரதங்களும் நுனியை அணைத்துக்கொண்டு நின்றன.

"எந்தத் தட்டுல எடுத்தது தம்பி?" என்று பூரிப்போடு கேட்டது நுண்ணோக்கி.

"மூணாம் தட்டுல, அக்கா."

நுண்ணோக்கிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றாம் தட்டில் புரதமே கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த வெறும் பனி அது.

"அதுல ஒண்ணுமே இல்லையேப்பா. நீ எதைப் பாத்தே?"

"இப்படித்தான் இருக்கும்னு ஆய்வாளருங்க ஒரு மாதிரிப் படம் குடுத்திருந்தாங்க. அது மாதிரி தெரிஞ்ச புள்ளியெல்லாம் பொறுக்கினேன். ரெண்டு லட்சம் கிடைச்சுது."

"போன மாசம் ஊருக்கெல்லாம் அனுப்பின படம்?"

"அதுவும் அப்படித்தான்."

"அந்த மாதிரிப் படத்தை அழிச்சிடு. முதல் தட்டுலேருந்து மறுபடி பாரு" என்றது நுண்ணோக்கி.

கணினி அப்படியே செய்தது. முதல் தட்டில் புரதம் நிறைந்திருந்தது நுண்ணோக்கிக்கு நன்றாகத் தெரியும். பொழுதெல்லாம் துழாவிவிட்டு, கணினி மெல்லக் கேட்டது.

"இதுலயும் வெறும் பனிதான் வச்சாங்களாக்கா?"