எட்டு மடங்கு

"மேனேஜருக்குச் சம்பளம் பத்தலையாம்! கேட்டீங்களா இந்தக் கூத்தை?"

அட்டைப்பெட்டி கம்பெனி வாசலில் சங்கத் தலைவர் போட்ட சத்தத்துக்கு மைக்கே தேவைப்படவில்லை. அதனால்தான் அவருக்கு 'மைக் அண்ணன்' என்று பெயர்.

"இங்க ஆகக் குறைஞ்ச சம்பளம் யாருக்கு? நம்ம பெருக்குற அக்காவுக்கு. அதைப்போல எட்டு மடங்குக்கு மேல மேனேஜர் வாங்கக் கூடாதுன்னு போராடி விதி வாங்கினோம். இப்பவே எட்டு மடங்கு வாங்குறாரு. இன்னும் வேணுமாம். விடலாமா?"

"விடக் கூடாது!"

பெருக்குற அக்காவின் குரல்தான் எல்லோரையும் விட ஓங்கிக் கேட்டது. பகலெல்லாம் இங்கே பெருக்கிவிட்டு, சாயங்காலம் ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிற பிழைப்பு. இங்கே சம்பளம் ஏறினால் ஹோட்டலை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஆசை. வாங்கித் தருவதாக மைக் அண்ணனும் வாக்குக் கொடுத்திருந்தார். எத்தனை தடவை கேட்டும் முதலாளி கையை விரித்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

மெஷின்கள் நின்றன. மத்தியானத்துக்குள் மேனேஜரின் சம்பள உயர்வு ரத்தானது.

மைக் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. போதாக்குறைக்கு, முதலாளியே சங்கத்துக்கு ஒரு டப்பா மிட்டாய் அனுப்பியிருந்தார்.

ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டாமா? சாயங்காலம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார்.

"எடுத்துக்குங்க சார். மனசுல வச்சுக்காதீங்க. ஆசை யாரை விட்டுச்சு?"

மேனேஜர் ஒரு மிட்டாயைப் பிரித்தார்.

"வேற கம்பெனியில கூப்பிடுறாங்க, போயிடுவேன்னு சொல்லி முதலாளியை மடக்கி வச்சிருந்தேன். நாளைக்குக் கையெழுத்துப் போடுறதா இருந்தாரு."

"உங்க சம்பளத்தை ஏத்தவா?"

"எனக்கும் ஏறும், இல்லேன்னு சொல்லல. ஆனா உங்க விதி இருக்கே தலைவரே. எனக்கு ஏத்தணும்னா, முதல்ல அந்த அக்காவுக்கு ஏத்தியாகணும்."

மைக் அண்ணன் வாயில் போட்ட மிட்டாயை மென்று தின்ன மறந்தார்.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"உங்ககிட்டயா? ஊருக்கே கேட்டிருக்குமே! ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் போடுறோம்னு முதலாளி நழுவியிருப்பாரு."

"மறுபடி கேட்டுப் பாருங்களேன்."

"உங்க ஆளுங்களே வேணாம்னு கத்துறாங்களேன்னு சொல்லிட்டாரு. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேட்கிறது?"

மைக் அண்ணன் வெளியே வந்தார். வாசலில் பெருக்குற அக்கா காத்திருந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"ஜெயிச்சுட்டோம்ல தலைவரே! அடுத்து என் சம்பளம்தானே? சரி, நான் வர்றேன். ஹோட்டல்ல பாத்திரம் குவிஞ்சு கிடக்கும்."

"ஆமாக்கா" என்றார் மைக் அண்ணன்.

எதிரே நின்ற அக்காவுக்கே அது கேட்கவில்லை.