மஞ்சள் கோடு

சுவரை எடுக்கக் கூடாது என்றார் அந்துவான் முசே.

என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கணினித் திரையில் கல்லறைத் தோட்டம் இருக்கும் மூலையை விரலால் தொட்டுக் காட்டினார். விரல் ரேகை திரையில் ஒட்டிக்கொண்டது.

அவர் ஒரு கத்தோலிக்கப் பங்கின் கட்டடக் குழுத் தலைவர்; பிரெஞ்சுப் பழக்கத்தில் எல்லோரும் ஐயா என்பதற்கு முசே என்பார்கள். எந்தப் பங்கு என்று சொல்ல வேண்டாம். புதுக் கோயில், பக்கத்தில் பள்ளிக்கூடம், பின்னால் கல்லறைத் தோட்டத்தைச் சீர் செய்வது. கோயிலும் கான்வென்ட்டும் மட்டுமே வரைகிற எங்கள் அலுவலகத்துக்கு இது பதினேழாவது.

கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் முசேயின் ஆட்கள். அந்தப் பக்கம் காலனிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே பீடத்தில் நன்மை அப்பம் வாங்குகிறவர்கள்தான்.

ஆர்க்கிடெக்ட் வெற்றிவேல் சார் முதல் பிளானில் அந்தச் சுவரைக் காட்டவே இல்லை. மறந்துபோனவர் மாதிரி விட்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் முசே மூலக்குளம் வரை கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"சுவர்னு சொல்லாதீங்க சார். பிரெஞ்சுக்காரன் கட்டினது. பாரம்பரியம்னு சொல்லுங்க."

 சார் மேசையிலிருந்த பென்சிலை எடுத்துக் கத்தியால் சீவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில்.



அளவெடுக்கப் போன அன்று சாரும் நானும் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம். பிரெஞ்சுக்காரர் காலத்துச் செங்கல் மெலிசாக இருக்கும். பூச்சு சுண்ணாம்பு. இது தடிமனான சேம்பர் செங்கல், சிமெண்ட். காலனிப் பக்கம் போனபோது, சுவரின் அடியில், ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய எழுத்து இருந்தது.

இஞ்ஞாசி, 1996.

அதற்கு நேர் எதிரே, முதல் வரிசையில், ஒரு சிமெண்ட் சிலுவையிலும் அதே பெயர்.

சார் குனிந்து இரண்டையும் படித்தார். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். சுருட்டி முடித்த பிறகும் நின்றேன்.

அதில் பாதியையாவது அவர் இப்போது சொல்லியிருக்கலாம். பென்சில் சீவினார்.

முசே என் பக்கம் திரும்பினார். பெயர் கேட்டார். வீடு எங்கே, அப்பா பெயர் என்ன என்று வரிசையாகக் கேட்டார். தீபலட்சுமி என்றேன். இங்கேதான், மூலக்குளம் என்றேன். பாவாடை என்றேன். எதுவும் பொய்யில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது.

அவர் முகம் இளகிவிட்டது.

"நீ இந்துப் பொண்ணு, உனக்கு இது புரியாதும்மா. அவங்க அவங்க பக்கம் தூங்கட்டும், நாங்க எங்க பக்கம் தூங்குறோம். எழுப்புறப்ப ஆண்டவர் ஒண்ணாத்தான எழுப்பப் போறாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சாரும் கொஞ்சம் சிரித்தார். முசேயின் சிரிப்பைக்கூட மறந்துவிடுவேன். சாரின் சிரிப்பை மறக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் முசே சொல்லச் சொல்ல வரைந்தேன். அவர்கள் சவ வண்டிக்கு முன்வாசல். காலனி வண்டிக்கு எப்போதும்போலப் பின்சந்து. அந்தச் சந்தில் ஐப்பசி, கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஒரு முறை பெட்டி சரிந்து, ஆறு பேரும் சேர்ந்து கத்தினார்கள். அதை முசேயிடம் சொல்லவில்லை. உனக்கெப்படித் தெரியும் என்பார்.

கடைசியில் சுவருக்கு வந்தோம். பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒரு கலர் போடச் சொன்னார். நாளைக்கு வருகிற கான்ட்ராக்டர் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாதாம்.

மஞ்சள் போட்டேன்.

சாரின் கத்தி நின்றது.

"நம்ம திருச்சபைக் கொடி நிறம்" என்றார் முசே. அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிரிண்ட் எடுத்த நான்கு பிரதிகளிலும் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு கோடு இழுத்தார். மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, சாரிடம் கைகொடுத்துவிட்டுப் படியிறங்கினார். கார் வில்லியனூர் சாலையில் திரும்புகிற சத்தம் கேட்டது.

சார் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அனுமதிக்குப் போகிற பிளானில் சிவப்பு என்றால் புதிதாகக் கட்டுவது. மஞ்சள் என்றால் இடிப்பது. ஆபீசிலும் சரி, சைட்டிலும் சரி, எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் கலரைத்தான் பார்ப்பார்கள்.

மாற்று என்று அவர் சொல்லக் காத்திருந்தேன். சொன்னால் என்ன பேச வேண்டும் என்று வாய்க்குள் அடுக்கி வைத்திருந்தேன். 

முசேமேல் கோபம். சார்மேல் கோபம். எல்லோரையும்விட அந்தச் சுவரைக் கட்டிய ஆள்மேல் கோபம். கூலிக்குக் கட்டினாய், சரி. இத்தனை வருஷத்தில் ஒரு விரிசல்கூட விடாத அளவுக்கு ஏன் கட்டினாய்? பெயரை வேறு எழுதி வைத்தாயே.

சார் இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். மையில் ஒற்றினார். தாளுக்கு மேலே பிடித்தபடி, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"உங்க அப்பாவ கோயில்ல எப்படிம்மா கூப்பிடுவாங்க?"

"இஞ்ஞாசி."

நான்கு தாளிலும் முத்திரை வைத்தார். மை காய்ந்ததும் நான் தாள்களைச் சுருட்டினேன்.