கையே வைக்கலை

மூத்தவளின் மகனுக்கு இன்னும் ஒரு பால் பல்கூட விழவில்லை. ஆனால் அவன் வரைந்த மலைக்கு நிழல் விழுந்திருந்தது.

நிழல் மட்டுமா? மலை மேல் பனி, பனிக்குள் ஒரு வீடு, ஜன்னலில் விளக்கு வெளிச்சம். தலைப்பு என்னவோ 'எங்க வீடு'. அவர்கள் இருப்பது மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.

"நான் கையே வைக்கலை. எல்லாம் அவனா வரைஞ்சதுதான்," என்றாள் மூத்தவள். "நான் சும்மா சரி பண்ணிக் குடுத்தேன், அவ்வளவுதான்."

சின்னவள், "அப்படியாக்கா" என்று சிரித்துவைத்தாள். மனசுக்குள் காறித் துப்பினாள். இருவரும் ஒரே குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். மூத்தவள் புருஷனோடு மேலே தப்பித்துப் போய்விட்டாள். சின்னவள் கீழ்த்தளத்தில், மாமியாரோடு.

குடியிருப்புச் சங்கம் நடத்தும் ஓவியப் போட்டி. கூடத்தில் கொடி கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பை மாட்டி, படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். குழந்தைகள் வீட்டிலேயே வரைந்து கொண்டுவர வேண்டும், பெரியவர்கள் உதவக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு படத்தின் கீழேயும் ஒரு தாய் நின்றுகொண்டு, தான் கையே வைக்கவில்லை என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிச் சொன்ன ஒருத்தியின் நகக்கண்ணில் நீலப் பெயிண்ட் இன்னும் போகவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம், என்று சின்னவளுக்கு எரிச்சலாக வந்தது. அவள் விஷயம் வேறு. அவள் நிஜமாகவே சரி பண்ணித்தான் கொடுத்தாள்.

முந்தின நாள் ராத்திரி அவளுடைய ஐந்து வயது மகள் வரைந்த வீட்டுக்குக் கூரையே இல்லை. ஏன்டி என்று கேட்டதற்கு, மூடிட்டா உள்ளே இருக்கிறவங்க எப்படித் தெரிவாங்க என்றாள். கட்டிலைவிட ஃபேன் பெரியது. சோபா முழுக்கப் பாட்டி. அப்பா என்பது ஒரு செல்போனும் இரண்டு காலும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு புள்ளி.

"இது என்ன, பூச்சியா?"

"நீதாம்மா. பாட்டி கூப்பிடறப்போ."

 மாமியார் முதல் வரிசையில்தான் உட்காருவாள். மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புள்ளியை விரல் வைத்துக் காட்டுவாள். பிள்ளைக்கு யார் இதையெல்லாம் சொல்லிக் குடுத்தது என்று ஆரம்பித்தால், அது எங்கே போய் முடியும் என்று சின்னவளுக்குத் தெரியும்.

ரப்பரை எடுத்தாள்.

"நான் என்ன தப்பா வரைஞ்சேன்?"

"தப்பு இல்லடி கண்ணு. அம்மா சும்மா சரி பண்றேன்."

"தப்பு இல்லேன்னா எதைச் சரி பண்றே?"

பாலைக் குடி, ஆறிப்போகுது என்றாள் சின்னவள்.

புள்ளி போய் அந்த இடத்தில் சிரிக்கிற அம்மா வந்தாள். அவள் வந்ததில் ஃபிரிட்ஜுக்கு இடமில்லாமல் போயிற்று. பாட்டியை இளைக்க வைத்ததில் சோபா கோணிக்கொண்டது. கூரை போட்டதும், உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்து வாசலில் வரிசையாக நிறுத்த வேண்டியதாயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். மகளுடையது என்று அந்தத் தாளில் மிஞ்சியது, அடியில் கோணலாக எழுதியிருந்த பெயர் மட்டும்.

நடுவராக ஒரு டிராயிங் டீச்சர் வந்திருந்தார். ஒரு படத்தைப் பார்ப்பார், கிளிப்பைக் கழற்றுவார், மேஜை மேல் போடுவார். கொடி காலியாகிக்கொண்டே வந்தது. பனிமலைக்கு முன்னால் மட்டும் நின்று, இந்த வீட்டுல ரொம்பக் குளிருமா தம்பி என்று பையனைக் கேட்டார். தெரியலை, அம்மாவைக் கேட்டுச் சொல்றேன் என்றான் அவன். மலையும் இறங்கியது.

கடைசியில் கொடியில் ஒரே ஒரு படம். சின்னவள் வீட்டுப் படம்.

 சின்னவள் திரும்பி மூத்தவளின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து பட்டதற்கெல்லாம் அது போதும்.

டீச்சர் மைக்கை வாங்கினார். "இத்தனை படத்துல இது ஒண்ணுதான் குழந்தை கை. கோடு எப்படி நடுங்குது பாருங்க. யாராவது திட்டிடுவாங்களோன்னு பயந்து பயந்து இழுத்திருக்கு, பாவம். பெரியவங்க தலைகீழா நின்னாலும் இந்தக் கோடு வராது. யாரோட குழந்தை இது? மேலே வரச் சொல்லுங்க."

மகள் மேடை ஏறினாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இது நான் வரைஞ்சது இல்ல. எங்க அம்மா வரைஞ்சது."

கூடம் சிரித்தது. முதலில் மூத்தவள், அப்புறம் மாமியார், அப்புறம் கையே வைக்காத அத்தனை தாய்மார்களும். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கோடுகளை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, அந்த அம்மா எங்கே என்று கண்ணால் தேடினார்.

சின்னவள் அடுக்கிவைத்திருந்த நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்றிருந்தாள்.

மகள் நேராக அங்கே வந்தாள். அவளைக் குனியச் சொல்லி, காதோடு சொன்னாள்.

"அழாதேம்மா. வீட்டுக்குப் போய் உனக்குப் பிடிச்ச மாதிரி இன்னொண்ணு வரை. நான் கையே வைக்க மாட்டேன்."