இருபத்தேழு சிவப்பு வட்டங்கள்

"வட்டம் சேரலையே குமுதா. இங்க பாரு, ஒரு நூல் அளவு தள்ளி நிக்குது" என்றாள் விமலா, கிளிப்பச்சைச் சேலையின் முந்தானையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.

குமுதா அக்காவின் கையிலிருந்து சேலையை வாங்கி, தைத்திருந்த சிவப்புத் துணி வட்டத்தைப் பிளேடு முனையால் பிரிக்கத் தொடங்கினாள். இது ஆறாவது தடவை.

லகாட்டில் இருந்த அந்த வீட்டின் முன்னறையில், நாற்பது வருடங்களாகப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்த கால் மிஷின் அது. இப்போது அதன் தட்டில் புதிதாக ஓர் இரும்புக் கை திருகப்பட்டிருந்தது. கையின் நுனியில் மேல்நோக்கி ஒரு முள். துணியை அந்த முள்ளில் குத்தி, மேலே தக்கையைச் செருகிவிட்டு மிதித்தால், துணி முள்ளைச் சுற்றிவரும். தையல் வட்டமாக விழும். விழ வேண்டும். மகன் தேவன் ஈப்போவில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்த கை அது. குமுதாவின் வயதைவிட அதன் வயது அதிகம் என்று கடைக்காரர் சொன்னாராம்.

சேலை மருமகள் தினேஸ்வரிக்கு. ஐம்பது காசைவிடச் சற்றுப் பெரியதாக, முந்தானை முழுக்க இருபத்தேழு வட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பூசாரி வருவதற்குள் முடித்தாக வேண்டும். அன்று எல்லோருக்கும் முன்னால் தினேஸ்வரி இந்தச் சேலையைத்தான் கட்டியிருக்க வேண்டும் என்பதில் குமுதா உறுதியாக இருந்தாள். ஒரு வட்டம் கோணலானாலும் போதும், வேறு சேலை கட்டிக்கொள்ளச் சொல்ல அக்காவுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும்.

சித்தியவானிலிருந்து முன்கூட்டியே வந்து சமையல், கூடாரம், நாற்காலி என்று எல்லாவற்றையும் விமலாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது தங்கை மிஷினைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஒன் மருமகளோட அண்ணன் பீடோர்லேருந்து சேலை கொண்டாருவான். பொறந்த வீட்டுச் சேலையத்தான் கட்டணும். அதானே மொற?"

"கொண்டாரட்டும்க்கா. மடிச்சு வச்சுக்கலாம்."

"வர்றவங்க வாயப் பத்தி ஒனக்குத் தெரியாதா?"

"அத்தன வாயத் தைக்க நம்ம மிஷின் பத்தாதுக்கா."

விமலா சிரிக்கவில்லை. கூடாரக்காரரோடு பேச வெளியே போனாள்.

ஏழாவதும் சேரவில்லை. குமுதா சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி யோசித்தாள். பிழை இரும்புக் கையில் இல்லை, தன் கையில்தான் இருக்கிறது என்று புரிந்தது. நாற்பது வருடம் துணியைத் தள்ளியும் இழுத்தும் பழகிய விரல்கள், அது தானாகத் திரும்பும்போது சும்மா இருக்க மறுத்தன. விலகிப் போய்விடுமோ என்று பயந்து இறுக்கிப் பிடித்தன. பிடித்த இடத்தில்தான் கோணியது. விட்டுவிடத் தெரியாதவள் நான் என்று நினைத்தாள். அந்த நினைப்பு எங்கெங்கோ போகப் பார்த்தது. அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை. இன்னும் இருபத்தேழு இருந்தது.

துணி சுருங்காமலிருக்க, நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துச் சேலைக்கு அடியில் வைத்தாள். சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டாள். கால்கள் மட்டும் மிதித்தன. சிவப்பு நூல் மெல்ல வளைந்து போய், புறப்பட்ட அதே துளைக்குள் திரும்பி வந்து இறங்கியது.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பதினோரு வட்டங்கள் முடிந்தன. முள் குத்திய இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டுத் துளை தெரிந்தது. விமலா அதையும் கண்டுபிடித்துச் சொன்னாள். குமுதா நகத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க, இழைகள் கூடித் துளை மறைந்தது.

சனிக்கிழமை மதியம் சேலையையும் ஒரு கிண்ணம் ரசம் சோற்றையும் எடுத்துக்கொண்டு மருமகளின் அறைக்குப் போனாள். தினேஸ்வரிக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, வட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இதையா அத்தை கட்டணும்? எல்லாரும் பேசுவாங்க."

"ஒனக்குப் பச்ச புடிக்குமா, புடிக்காதா?"

"புடிக்கும்."

"அப்ப கட்டு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அன்று சாயங்காலம் கடைசி வட்டமும் மூடியது. விமலா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருபத்தேழையும் விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு குறையும் அகப்படவில்லை. பிடிவாதத்தில் நீ நம்ம அப்பாவேதான் என்று சொல்லிச் சேலையைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூடாரம் நிறைந்துவிட்டது. தினேஸ்வரி பச்சைச் சேலையில் வந்து உட்கார்ந்ததும் பேச்சு சட்டென்று அடங்கியது. அவளுடைய அண்ணன் தான் கொண்டுவந்த வெள்ளைச் சேலையைத் தட்டோடு அவள் முன்னால் வைத்தான். பக்கத்தில், மாலை போட்ட தேவனின் படத்துக்கு முன்னால் பதினாறாம் நாள் விளக்கு எரிந்தது.

விமலா ஈரத்துணியோடு தினேஸ்வரியின் நெற்றிப் பொட்டை நோக்கிக் குனிந்தாள். குமுதா மருமகளின் முந்தானையை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல இந்த இருபத்தேழையும் அழிங்கக்கா. அப்பறம் அவ நெத்திக்குப் போங்க."