கீழ் அடுக்குகள்

திரையில் அவள் பெயர் இல்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். மென்பொருளை எழுதியவர்கள் என்று போட்டிருந்தது. டாக்டர் குற்றாலிங்கம். அதற்குக் கீழே அபினேஷ். அவ்வளவுதான்.

குற்றாலிங்கம் அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. அபினேஷ் அவருடைய அக்கா மகன். போன ஆடியில் வந்து சேர்ந்தவன். அவள் வந்து நான்கு வருடம் ஆகிறது.

பெயர் இல்லையென்றால் மென்பொருள் அவளுடையது இல்லை. மென்பொருள் இல்லையென்றால் ஆய்வேடு இல்லை, பட்டமும் இல்லை. ஊரில் போய் எந்த முகத்தோடு நிற்பது?

மென்பொருளை மதிப்பிடும் குழு வருவதற்குள் அவரிடம் ஓடிப்போய்க் கேட்டாள்.

“இப்ப என்னம்மா அவசரம்? அடுத்த பேப்பர்ல ஒம் பேரப் போட்ருவோம்லா,” என்றார். போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மகராசன். அடுத்த பேப்பராம்.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் தலைவி. குற்றாலிங்கம் அவரைப் பார்த்தே பேசினார். ஊருக்கு ஊர் இருக்கும் ஆயிரம் கணினிகள் ஒரு வேலையைப் பங்குபோட்டுச் செய்தால் என்ன ஆகும்? எது திணறும், எது படுத்துக்கொள்ளும்? பார்ப்பதற்காக ஆயிரம் கணினி வாங்க யாரால் முடியும்? அதனால் ஒரே கணினிக்குள் பொய்யாக ஓட்டிப் பார்க்கிறோம் என்றார்.

மென்பொருள் அடுக்கடுக்காகக் கட்டியது.

அடியில் காலம். எது முன்னால் நடக்கும், எது பின்னால் நடக்கும் என்பது அங்கேதான் முடிவாகும். அதன்மேல் கணினிகளை இணைக்கும் கம்பிகள். அதன்மேல் கணினிகள். அதன்மேல் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் தரகர்கள்.

உச்சியில், வேலைகளை உள்ளே அனுப்பிப் படமாகக் காட்டும் அடுக்கு. அது மட்டும் அபினேஷ் எழுதியது.

“கீழ இருக்கதெல்லாம் ரெடிமேட் சமாச்சாரம் மேடம். இன்டர்நெட்லயே கெடைக்கும்,” என்றார் குற்றாலிங்கம்.

தீபாவளிக்குக்கூட ஊருக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதினாள். இன்டர்நெட்டில் கிடைக்குமாம்.

அபினேஷ் ஓட்டிக் காட்டினான். அடேயப்பா, என்ன வண்ணம்! பச்சையும் சிவப்புமாக ஆயிரம் பொய்க் கணினிகளும் மினுக்கி வேலையை முடித்தன. குழுவில் ஒருவர் கைதட்டவே செய்தார்.

“இன்னொரு தடவை ஓட்டுங்க,” என்றார் தலைவி.

ஓட்டினான்.

விடை மாறிவிட்டது.

அதே வேலைக்கு அதே விடைதான் வர வேண்டும். வராவிட்டால் இந்த மென்பொருளை யார் நம்புவார்கள்? மறுபடியும் ஓட்டினான். அது வேறொரு விடை.

அவளுக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது.

எந்த அடுக்கானாலும் தனக்கு நேர் கீழே இருப்பதைத்தான் கேட்க வேண்டும். மணி என்ன என்பதையும் அப்படித்தான் கேட்க வேண்டும். பொய் உலகத்துக்குப் பொய் மணி. வந்த புதிதில் ‘அக்கா, அக்கா’ என்று பின்னாலேயே சுற்றியவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். கடைசியில் கணினியின் நிஜக் கடிகாரத்தைப் பார்த்து வேலைகளை அனுப்பியிருக்கிறான். நிஜ மணி ஓட்டத்துக்கு ஓட்டம் மாறத்தானே செய்யும்.

நல்லா வேணும் என்று நினைத்தாள். வாய்விட்டுச் சிரிக்கலாம் போலிருந்தது.

“தப்பு எங்க இருக்கு?” என்றார் தலைவி.

குற்றாலிங்கத்துக்கு வேர்த்தது. மருமகனைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். அன்று அவள் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“கீழ் அடுக்குல இருக்கும் மேடம். அது இந்தப் பொண்ணு எழுதுனது.”

“ரெடிமேட்னு சொன்னீங்களே?”

“இல்ல மேடம். கீழ இருக்கது பூராவும் இந்தப் பொண்ணுதான் எழுதுனா. நான் சரியாப் பாக்காம விட்டுட்டேன்.”

மூன்று பேரும் திரும்பினார்கள்.

அவள் எழுந்தாள். அபினேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லலாம். சொன்னால் பிழை மேலே அபினேஷின் அடுக்குக்குப் போய்விடும், கீழே இருப்பது சுத்தமாகிவிடும். சுத்தமானது மறுபடியும் இன்டர்நெட்டில் கிடைத்ததாகிவிடும்.

பாவி மனுஷன், பழியைப் போடுவதற்காகத்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

வந்த சொல்லை விழுங்கினாள்.

“நீங்க எழுதினதா?” என்று கேட்டார் தலைவி.

“ஆமா மேடம். கீழ உள்ளது அத்தனையும் நான் எழுதுனதுதான்.”

“பேர் சொல்லுங்க. யாரோட பகுதியில தப்புன்னு அறிக்கையில வரணும்.”

குற்றாலிங்கம் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

“இசக்கியம்மாள்,” என்றாள்.

அந்த அம்மாள் எழுதி முடிக்கும்வரை, நின்ற இடத்திலிருந்தே பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முன்னாடி இனிஷியலும் போட்டுக்கோங்க மேடம். சு.”