ஒரு நாள் முன்னதாக

அந்தக் காத்திருப்புக் கூடத்தில் எதைப் பற்றியும் பேசலாம். ‘நீங்கள் திங்களா, வியாழனா?’ என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை.

அப்படி எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் மத்தி மீன் விலை, துபாயில் இருக்கும் மகன்கள், இந்த வருடம் ஊர்த் தெய்வத்துக்கு நடந்த பூதக் கோல ஆட்டம் எல்லாம் பேசித் தீர்ந்த பிறகும் அந்தக் கேள்வியின் பக்கம் ஒருவர் நாக்கும் திரும்பியதில்லை.

வயதானவர்கள் விழாமல் நடமாடப் பயிற்சி உதவுமா என்று கண்டறியும் ஆய்வு அது. சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரைத் திங்கட்கிழமைக்கும் மீதிப் பேரை வியாழக்கிழமைக்கும் பிரித்திருந்தார்கள். ஒரு கிழமைக்காரர்களுக்குச் சமநிலைப் பயிற்சி. மறு கிழமைக்காரர்களுக்கு நாற்காலியில் அமர்ந்தபடி மூச்சுப் பயிற்சியும், உணவைப் பற்றிய பேச்சும்.

யார் எந்தப் பக்கம் என்பது, அவர்களை நிற்க வைத்து மதிப்பெண் போடும் ரக்ஷிதாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அவளை அறியாமலே கை ஒரு பக்கம் சாயும். அந்த மதிப்பெண்ணைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

சேஷப்ப பூஜாரி கடைசிப் பரிசோதனைக்கு வந்திருந்தார்.

மங்களூர்–குந்தாபுரம் தடத்தில் தனியார் பேருந்து நடத்துனராக ஆயுளைக் கழித்தவர். எந்த வளைவிலும் கம்பியைப் பிடிக்காமல் நின்றே சீட்டுக் கிழித்தவர். “இவருக்கு எதுக்கும்மா பரிசோதனை? வேணும்னா பஸ்ஸ நிக்க வச்சுப் பாருங்க” என்று கூடத்தில் கேலி செய்வார்கள்.

இன்று யாரும் கேலி செய்யவில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மனைவி வாரிஜா இல்லை.

மழை பிடித்துக்கொண்ட புதிதில் அவள் கிணற்றடியில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை.

இன்று பரிசோதனைக்குப் போக வேண்டாம் என்று மகன் எவ்வளவோ சொன்னான். கடைசி அளவு இல்லாவிட்டால் இதுவரை செய்தது எதுவும் கணக்கில் வராது என்பது சேஷப்பருக்குத் தெரியும். அவரால் அதைத் தாங்க முடியாது. அதனால் வந்தார்.

ரக்ஷிதா கதவருகே வந்து பெனடிக்டா டிசோசாவின் பெயரை அழைத்தாள்.

எதிர் வரிசையில் இருந்த பெனடிக்டா எழுந்து திரும்பினாள். ஒரு கால் மறு காலோடு பின்னியது. வெறும் காற்றை ஒருமுறை பற்றிய கை, அதன் பிறகே நாற்காலியின் கைப்பிடியைக் கண்டுபிடித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல. நாற்காலிக்குத்தான் வயசாயிடுச்சு” என்றாள் எல்லோரையும் பார்த்து. “ரெண்டு நிமிஷம் இருந்து வரேன் மகளே.”

பிறகு சேஷப்பர் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னாள்: “வகுப்புல வாரிஜா எப்பவும் என் பக்கத்துலதான் கண்டக்டரே. மூச்ச இழுக்கச் சொன்னா ரெண்டு பேருக்கும் சிரிப்புதான் வரும்…”

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வாரிஜா மறு கிழமை என்பது அவருக்குத் தெரிந்ததுதான். ஒரே வீட்டில் இருப்பவர்களைப் பிரிக்கக் கூடாது என்பதே ஆய்வின் திட்டம். ஆனால் வாரிஜா, அவர்கள் சாதியில் பெண்கள் வழக்கமாகச் செய்வதுபோல, வீட்டுப் பெயர் கேட்டபோது தாய்வீட்டின் பெயரைச் சொல்லியிருந்தாள். கணவன் மனைவி என்று தெரியவந்தபோது சீட்டுக் குலுக்கி முடிந்திருந்தது. வீட்டில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

சேஷப்பர் சொல் தவறாதவர். காலைதோறும் உள்ளறையைத் தாழிட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

ஒருநாள் வாரிஜா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். “உள்ள என்ன யக்ஷகான ஆட்டமா நடக்குது? எனக்கும் கொஞ்சம் காட்டுங்க. கிணத்தடியில காலு பின்னுது.”

“காட்டினா அவங்க ஆராய்ச்சி கெட்டுப்போயிடும் வாரிஜா. கடைசிப் பரிசோதனை முடியட்டும். மறுநாளே சொல்லித் தரேன்.”

“ஆமாமா. பாக்கிச் சில்லறைய இறங்கும்போது தரேன்னு சொல்ற ஆளுதானே” என்று சிரித்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவர் உள்ளே காலை மாற்றி நின்றார்.

அந்த மறுநாள், நாளை.

பெனடிக்டா மீண்டும் எழப் பார்த்தாள். உள்ளங்கைகள் கைப்பிடியை அழுத்தின. நாற்காலி பின்னால் நகர்ந்தது.

சேஷப்பர் எழுந்து கூடத்தின் நடுவே வந்து நின்றார்.

“பெனடிக்டாம்மா, நான் திங்கக்கிழமை” என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

கதவருகே நின்ற ரக்ஷிதாவுக்கு, அடுத்து அவர் செய்வதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள நேரம் இருந்தது. அவள் திருப்பிக்கொள்ளவில்லை.

“அஜ்ஜா, வேண்டாம்.” தாத்தா என்று அழைத்த அவள் குரலில் கோபமில்லை. கெஞ்சல்தான் இருந்தது. “இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்கோங்க. நாளையிலேர்ந்து எல்லாருக்கும் நாங்களே சொல்லித் தரப் போறோம்.”

சேஷப்பர் அவளைப் பார்த்தார். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒரு பாதத்தின் விரல்களை மறு பாதத்தின் குதிகால் தொடும்படி, ஒன்றன் முன் ஒன்றாக வைத்து நின்றார்.

பெனடிக்டாவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.

“இப்படி வைங்க. கீழ பாக்காதீங்க, என்னப் பாருங்க. நான் விட மாட்டேன்.”